உங்கள் வீட்டில் அமைதி எத்தனை மணிக்கு வருகிறது?

கேள்வி இது: "வயது 34. ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. இரண்டு குழந்தைகள், மாமியாரும் எங்களோடு இருக்கிறார். வீடு வேளச்சேரியில். அதிகாலை நாலரைக்கு எழுந்தால் மனசு அமைதியாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னதால் எழுந்து பார்த்தேன். ஒன்பதாவது நாள் சின்னவன் என்னைத் தேடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். அதிலிருந்து தினமும் வருகிறான். தூக்கமும் போச்சு, அமைதியும் போச்சு. ஒரு நாளில் உண்மையிலேயே அமைதியான நேரம் எது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

நான் ஏறக்குறைய முப்பது வருடம் சத்தத்தை அளந்து சம்பளம் வாங்கியவன். தொழிற்சாலை மதில், ஆஸ்பத்திரி வாசல், மேம்பாலம் கட்டும் இடம், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு என்று எங்கெங்கோ முக்காலியில் மீட்டரை நிறுத்திவிட்டு, அது 24 மணி நேரம் ஓடி முடிகிறவரை பக்கத்திலேயே கிடக்க வேண்டிய வேலை. ஊர் எப்போது அடங்குகிறது, எப்போது புரண்டு படுக்கிறது, எப்போது எழுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அதனால் உங்கள் கேள்வியில் ஒரு பாதிக்கு, அதாவது சத்தம் மிகக் குறைந்த நேரம் எது என்பதற்கு, யோசிக்காமல் பதில் சொல்ல முடியும். நம் நகரங்களில் பெரும்பாலும் பின்னிரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். கடைசி ஆட்டோ போயிருக்கும், முதல் பால் வண்டி வந்திருக்காது.

அந்த நேரத்தில் எழுந்து உட்காருங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் மீட்டரோடு நூற்றுக்கணக்கான இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதில் அமைதியாக இருந்த இரவுகளை எண்ணிவிடலாம்.

ஏன் என்று சொல்ல, எங்கள் வேலையில் சத்தத்தை எப்படிப் பார்ப்போம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் இடத்தின் சத்தத்தை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியாது. குறைந்தது இரண்டு எண் வேண்டும். ஒன்று, அந்த இடத்தில் நூற்றில் தொண்ணூறு பங்கு நேரம் இதற்குக் குறையாமல் இருந்தது என்று காட்டும் எண். இதை எல்-90 என்போம். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்பது மாதிரி, ஊரின் அடி இரைச்சல் இது. இன்னொன்று எல்-10. பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் இதைத் தாண்டியது என்று காட்டும் எண். ஹாரன், நாய், கதவை அறைந்து சாத்துவது எல்லாம் இந்தப் பக்கம் வரும்.

பகலில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அடி இரைச்சலே உயரமாக இருப்பதால் ஒரு பைக் போவது தனியாகத் தெரியாது. பின்னிரவில் அடி இரைச்சல் நன்றாக இறங்கிவிடும், ஆனால் பைக்கின் சத்தம் அதே பைக்கின் சத்தம்தான். இடைவெளி பெரிதாகிவிடுகிறது. தூங்குகிறவரைத் தூக்கிவாரிப் போடுவது பெரும்பாலும் இந்த இடைவெளிதான். இரவு மூன்று மணிக்கு ஒரே ஒரு நாய் குரைத்தால் தெருவே விழித்துக்கொள்கிறது. மாலை ஆறு மணிக்கு நாலு நாய் சண்டை போட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சட்டமும் இரவைத் தனியாகத்தான் பார்க்கிறது. 2000-ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் இருக்கலாம். பத்து டெசிபல் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் 2011 முதல் நாள் முழுக்க இதை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. நம் சாலையோரங்களில் இந்த எல்லைகள் எந்த அளவு மதிக்கப்படுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

பின்னிரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. நான் வளர்ந்தது பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். ரயில் பாதை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் இருக்கும். பகலில் அங்கே ரயில் போகிறது என்பதே தெரியாது. ஆனால் இருட்டில் விழிப்பு வந்தால், கும்பகோணம் பக்கம் போகிற வண்டி கொல்லைப்புறத்திலேயே போகிற மாதிரி கேட்கும். ஊர் அடங்கிவிட்டதால் கேட்கிறது என்று அப்பா சொல்வார். அது பாதிதான். மீதியை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஒரு டிகிரி கூடினால் நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கூடும். பகலில் தரை காய்ந்திருக்கிறது, தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து ஆகாயத்துக்குப் போய்விடும். தெளிந்த இரவில் இது தலைகீழ். தரை வெப்பத்தை விட்டுவிட்டுக் குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, சற்று மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கிறது. மேலே போகப் பார்க்கும் ஒலி கீழ்நோக்கி வளைந்து திரும்பவும் தரைக்கு வருகிறது. காற்றும் விழுந்துவிடுவதால் இலை அசைகிற சத்தம்கூட இருக்காது. அதனால்தான் இரண்டு மைல் தள்ளிப் போகிற ரயில் காதுக்குள் வந்து நிற்கிறது.

பின்னிரவை அமைதி என்று நாம் உணர்வதற்கு இதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். அப்போது காது வெகு தூரம் போகிறது. பகலில் நம் காது எதிர்வீட்டு மதிலோடு நின்றுவிடும். இரவில் ஊர் எல்லைவரை போய்வரும். 2012 மின்வெட்டுக் காலம் நினைவிருக்கிறதா? இரவு கரண்ட் போன அந்த நொடியில், புழுக்கம் தெரிவதற்கு முன்னால், வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருக்குமே. சீலிங் ஃபேனும் ஃபிரிட்ஜும் நின்றுபோனதால் காது அறையை விட்டு வெளியே போகும். அதுவரை அவை ஓடிக்கொண்டிருந்ததையே நாம் கவனித்திருக்க மாட்டோம்.

சரி, சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அமைதி வேறு என்று எனக்குப் புரியவைத்தது 2020. மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. சத்தத்தை அளக்கிறவனுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பு. அண்ணா சாலையில் பகல் பதினொரு மணிக்குக் குயில் கூவுவதைக் கேட்க முடிந்தது. உலகம் முழுக்கவே அப்படித்தான். மனித நடமாட்டத்தால் தரையில் எழும் மெல்லிய அதிர்வுகள் குறைந்துபோனதை நிலநடுக்க ஆய்வுக் கருவிகளே பதிவு செய்தன. அளவில் பார்த்தால் நாள் முழுக்க அமைதி. ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்போது அமைதியாக இருந்தோம்? தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போதும், அது நம் தெருவுக்குள் திரும்புகிறதா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். போன் அடித்தால் வயிற்றைக் கலக்கும். ஊர் அவ்வளவு நிசப்தமாக இருந்தும் எல்லோருடைய காதும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த நாட்களில்தான் எனக்கு இது உறைத்தது. காது எதற்கும் காத்திருக்காத நேரம்தான் அமைதியான நேரம். சத்தம் இருக்கலாம். ஆனால் அடுத்து வரப்போகிற சத்தம் உங்களை எழுப்பி வேலைக்கு அனுப்பக் கூடாது. தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் கல்யாண மேளம் வாசித்தாலும் தூங்குவார்கள். தொட்டிலில் பிள்ளை லேசாக முனகினால் எழுந்துவிடுவார்கள். காதின் ஒரு பகுதி அங்கேயே நிற்கிறது.

இப்படிப் பார்த்தால் அதிகாலை நாலு மணி ஏன் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை என்பது புரியும். குழாயில் நாலு மணிக்குத் தண்ணீர் வருகிற தெருக்கள் எத்தனை இருக்கின்றன! அந்த வீடுகளில் பெண்களுக்கு மூன்றரையிலிருந்தே காது குழாயில் இருக்கும். காற்று சீறுகிற சத்தம் வந்தால் எழுந்து குடத்தை எடுக்க வேண்டும். அவர்களிடம் போய் அதிகாலைதான் அமைதியான நேரம் என்று எப்படிச் சொல்வது?

இரவுகளில் மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சுத்துணைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்பதை வழக்கமாக வைத்திருந்தேன். "உங்களுக்கு ஒரு நாளில் நிம்மதியான நேரம் எது?" அப்பார்ட்மெண்ட் காவலாளி ஒருவர் காலை ஐந்தரை என்றார். பேப்பர் போடுகிற பையன்கள் தெருமுனையில் கூடி உட்கார்ந்து கட்டுப் பிரிக்கிற நேரம் அது. இனிமேல் தான் மட்டும் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவருக்கு, நைட் ட்யூட்டி முடிந்து எட்டரை மணிக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட். ஊரே அந்தப் பக்கம் அடித்துப்பிடித்துப் போகிறது, அவர் மட்டும் இந்தப் பக்கம். டீ மாஸ்டர் ஒருவருக்கு மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் ஒரு கால் மணி நேரம். சாப்பாட்டுக்குப் பிறகான கூட்டம் போயிருக்கும், பஜ்ஜிக்கு அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். மெயின் ரோட்டுக் கடை அது. அந்த நேரத்தில் அங்கே மீட்டர் வைத்தால் எழுபதைச் சுலபமாகத் தாண்டும். அவருக்கு அதுதான் அமைதி. ஹாரன் அடிக்கிற யாரும் அவரிடம் டீ கேட்கவில்லையே.

நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பொழுதைக் கொடுத்தார்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். அது காதல் பாட்டுக்காகச் செய்த பிரிவு; அமைதிக்காக வைத்ததில்லை. இருந்தாலும் எல்லா நிலத்துக்கும் ஒரே பொழுதைச் சொல்லாமல் விட்டார்களே, அதை நான் பல தடவை நினைத்துக்கொள்வதுண்டு.

நாலரை மணி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை, முழுசாகச் சொல்லவில்லை. பிரம்ம முகூர்த்தம் என்பது கடிகார நேரமே இல்லை. ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால் தொடங்கி ஒரு முகூர்த்தம் இருப்பதுதான் பிரம்ம முகூர்த்தம். உதயம் ஆறு மணிக்கு என்றால் 4.24 முதல் 5.12 வரை. உதயம் ஆறரைக்கு என்றால் அதுவும் அரை மணி தள்ளிப்போகும். சென்னையில் சூரியன் வருடம் முழுக்க 5.40-க்கும் 6.40-க்கும் நடுவில்தான் உதிக்கிறது, ஆகவே நமக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் "காலை ஐந்து மணிக்கு எழுங்கள்" என்று குளிர்நாடுகளிலிருந்து வருகிற புத்திமதிக்கு இந்த ஆதாரமும் கிடையாது. லண்டனில் ஜூன் மாதம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் எட்டு மணியாகும். அங்கே ஐந்து மணி என்பது ஒரு சமயம் பளிச்சென்ற பகல், ஒரு சமயம் நடு இரவு மாதிரி.

இரண்டாவது, அந்த நேரத்தைப் பழக்கமாக வைத்திருந்தவர்கள் இரவு எட்டரை ஒன்பதுக்குப் படுத்தவர்கள். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்கிறார்கள். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது ஓடுகிற விதத்தைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. வழக்கமாக எழுந்திருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் உடம்பின் வெப்பம் ஆக இறங்கியிருக்கும். ஏழு மணிக்கு எழுகிற உடம்பை நாலரைக்கு எழுப்பினால், சரியாக அந்தப் பள்ளத்தில் கைவிட்டுத் தூக்குகிறோம். அந்த மந்தத்தைச் சிலர் அமைதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்குக் கடிகாரம் பிறவியிலேயே முன்னால் ஓடும், சிலருக்குப் பின்னால். வயதானால் முன்னால் நகரும். உங்கள் மாமியாருக்கு நாலரை சுகமாக இருக்கலாம். உங்களுக்கு இல்லை என்றால் உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

சின்னவன் எழுந்து வந்ததற்கும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அவனையும் சொல்ல மாட்டேன். விடிவதற்கு முன்பான தூக்கம் எல்லோருக்குமே லேசானது. பக்கத்தில் கிடந்த சூடு இல்லை என்பது குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும். இன்னும் ஒன்று: ஒன்பதாவது நாளுக்குப் பிறகு அவன் வராத நாளிலும் "இப்போது வருவான்" என்று உங்கள் காது அறைக் கதவிலேயே இருந்திருக்கும். அப்புறம் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? விட்டுவிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள்.

இனி, தேடுவது எப்படி. ஒரு வாரம் போதும். கையடக்கமான ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் எழுத வேண்டாம், போனை எடுத்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும். விழித்திருக்கும் நேரத்தில் நினைவு வரும்போதெல்லாம், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, மணியைப் போட்டு இரண்டே விஷயம் எழுதுங்கள். முதலாவது, இந்த நொடியில் கேட்கிற சத்தங்களில் ஆகத் தொலைவானது எது? மிக்ஸியா, கீழ்வீட்டு டிவியா, பறக்கும் ரயிலா, ஏதோ ஒரு காக்காயா? நாங்கள் அளவெடுக்கப் போன இடத்தில் மீட்டரை ஆன் செய்வதற்கு முன்னால் இதைத்தான் செய்வோம். காது எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்கு அடி இரைச்சல் குறைவு. போனில் டெசிபல் காட்டும் செயலிகள் உண்டு. அந்த எண்ணை நம்ப முடியாது, ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்துக் காலையையும் மாலையையும் ஒப்பிட உதவும். காதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, இப்போது நான் எந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன்? இதுதான் முக்கியம். குக்கர் விசிலா, ஸ்கூல் வேன் ஹாரனா, டீம் கால் வருகிற டிங் சத்தமா, மாமியார் கூப்பிடுவதா, காலிங் பெல்லா, மோட்டார் ஓடி டேங்க் வழிகிற சத்தமா? முதல் இரண்டு நாள் எல்லா வரியிலும் ஏதாவது ஒன்று இருக்கும். மூன்றாம் நாள் நாலாம் நாள் வாக்கில் ஒரு வரியில் எழுத ஒன்றும் இருக்காது. பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பீர்கள். அந்த மணியை வட்டம் போடுங்கள். வாரக் கடைசியில் வட்டங்கள் எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளும் ஆபீஸ் போகும் நாளும் உங்களுக்கு வேறு வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் அனுமானத்தில், ஆபீஸ் போகும் நாளில் வண்டியை நிறுத்தியபின் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் ஐந்து பத்து நிமிடத்தில் ஒரு வட்டம் விழலாம். வீட்டில் இருக்கும் நாளில் மத்தியானம் இரண்டரை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் உடம்பே ஒரு தடவை அசந்துபோகும். சாப்பிடாமல் இருந்தாலும் அசரும், அது சோற்றின் குற்றம் இல்லை, கடிகாரத்தின் ஏற்பாடு. மாமியார் படுத்திருப்பார், குழந்தைகள் ஸ்கூலில், சக ஊழியர்களும் கொஞ்சம் மந்தமாக இருப்பார்கள். வெயில் ஏறிய தெருவில் நடமாட்டம் இருக்காது. தூங்கிவிடாமல் ஜன்னல் பக்கம் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் இது வெளியிலிருந்து நான் சொல்வது. நோட்டு சொல்வதையே நம்புங்கள்.

கண்டுபிடித்த நேரம் இருபது நிமிடம்தான் என்றால் இருபது நிமிடம் போதும். அதில் யோகா வகுப்பு, ஆங்கிலப் பயிற்சி என்று எதையும் குடியேற்றாதீர்கள். அப்புறம் அதற்கும் ஒரு அலாரம் வைக்க வேண்டிவரும். ஜன்னலைச் சாத்துவது, கனமான திரை போடுவது எல்லாம் கொஞ்சம் உதவும், அதில் ரொம்பச் செலவு செய்ய வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "இரண்டரையிலிருந்து மூன்றுவரை என்னைக் கூப்பிடாதீர்கள்." சொல்லாமல் எடுத்துக்கொண்ட நேரத்தில் காது கதவில்தான் இருக்கும்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் இப்படி ஒரு நேரம் இருக்கும் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக மாமியாருக்கு. இதை நான் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவுக்கு வயது 84. சின்ன வயதில் அவரை நான் ஓய்வாகப் பார்த்ததே கிடையாது. இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டவன், அம்மாவிடம் கேட்டது போன வருடம்தான். யோசிக்கவே இல்லை. "பதினொன்றரை மணி" என்றார். சமையல் முடிந்திருக்கும், பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்திருக்கும், அப்பா ஆபீஸில், நாங்கள் நாலு பேரும் ஸ்கூலில். பன்னிரண்டேகால்வரை யாரும் வர மாட்டார்கள். "சும்மா உட்கார்ந்திருப்பேன்டா. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி முறத்தை மடியில் வைத்துக்கொள்வேன், யாராவது வந்தால் என்ன செய்கிறாய் என்று கேட்பார்களே என்று."

அறுபது வருடமாக அந்த முக்கால் மணியை அவர் காப்பாற்றி வந்திருக்கிறார். எங்களோடு சென்னைக்கு வந்த பிறகும், நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம், அந்த நேரம் அவருடையதாகவே இருந்தது. நான் ரிட்டயர் ஆனேன். முதல் நாளிலிருந்தே பதினொன்றரை மணிக்கு, அம்மா தனியாக இருக்கிறாரே என்று பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினேன். இரண்டு வருடம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பதினொன்றே கால் ஆனால் கிளம்பிவிடுகிறேன். பெரும்பாலும் நூலகம், அது விடுமுறை என்றால் மார்க்கெட். போன வாரம் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். கேட்டிலிருந்து பார்த்தால் ஜன்னல் தெரியும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் மடியில், வேப்பமரத்தைப் பார்த்தபடி. பக்கத்து மனையில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள், காது கிழிகிற சத்தம். அவர் திரும்பவே இல்லை. நான் கேட்டைத் திறக்காமல் எதிர்ப்பக்க நிழலில் போய் நின்றேன். பன்னிரண்டேகாலுக்கு வந்து பெல் அடித்தேன்.